யாரும் மீன் பிடிக்காத இடம்

கல்யாணமாகி இத்தனை வருடங்களில் என் கணவர் என்னிடம் மறைத்த விடயம் ஒன்றே ஒன்றுதான். கடலுக்கு அடியில் ஒரு கல் எங்கே கிடக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொல்வார். சொல்லத் தேவையில்லாததையும் சொல்வார். என் சமையலைப் பற்றி அவருடைய உம்மா என்ன சொன்னார் என்பதைக்கூட அன்றைக்கே வந்து ஒப்புவிப்பார். கல்லைப் பற்றிக் கேட்டால் மட்டும் நாடியைக் கடல் பக்கமாக உயர்த்தி, “அங்கால” என்பார். அவர் காட்டுகிற அங்காலவுக்குள் பர்மா வரைக்கும் அடங்கும்.

எங்கள் கரையில் கல் என்று சொல்வது தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டை. வெறும் மணல் தரையில் மீன் தங்காது, கல்லைச் சுற்றித்தான் தங்கும். இந்தக் கல்லை முதலில் கண்டவர் பாலமுனையில் தோணி வைத்திருந்த என் மாமனார். அவரிடமிருந்து என் கணவருக்கு வந்த முதுசம் அது ஒன்றுதான். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவான். அவரும் அப்படித்தான் பாலமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு, என் வீட்டுக்கு வந்தார். வீடு என்னுடையது, வளவு என்னுடையது, முற்றத்துத் தென்னைகூட என் உம்மா தந்தது. கல் மட்டும் அவருடையது. அதனால்தானோ என்னவோ, அதை அவர் யாருக்கும் பங்கு வைக்கவில்லை.

காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணனுக்கும் கடல் தொழில்தான். எங்கள் படகும் காக்காவின் படகும் கரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். மச்சான் மச்சான் என்று இரண்டு பேரும் ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடிப்பார்கள். ஆனால் கல் காக்காவுக்குத் தெரியாது. முக்கியமாகக் காக்காவுக்குத்தான் தெரியக் கூடாது. இடத்தைக் குறித்து வைக்கும் சின்ன ஜிபிஎஸ் கருவியை என் கணவர் படகில் விட்டு வரமாட்டார். துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரியில் என் சாரிகளுக்கு அடியில் ஒளித்து வைப்பார். காலையில் படகைத் தள்ளினால் முதலில் வேறு பக்கமாகப் போவார். மற்றப் படகுகள் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் திருப்புவார். திரும்பி வரும்போது மீனுக்கு மேல் ஈரச் சாக்குக் கிடக்கும்.

இதை அவருடைய தனிக் குணம் என்று நினைத்துவிடக் கூடாது. கரை முழுக்க இப்படித்தான். ஆளுக்கொரு கல் இருக்கிறது, ஆளுக்கொரு பொய் இருக்கிறது. எங்கே மீன் பட்டது என்று கேட்பது மரியாதை, பொய் சொல்வதும் மரியாதை. உண்மையைச் சொன்னால்தான் இவனுக்கு என்ன வந்தது என்று யோசிப்பார்கள். சுபஹ் தொழாமல் கடலில் இறங்காத மனிதர், தலையில் தொப்பியோடு நின்றுகொண்டு, “மச்சான், இண்டைக்கு வடக்காலதான் போனன்” என்று என் காக்காவிடம் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். பொய் ஹராம் இல்லையா என்று நான் கேட்டேன்.

“அது பொய்யில்ல புள்ள, கடல் கதை” என்றார்.

நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். எனக்குக் கடல் தெரியாது. ஆனால் அந்தக் கல்லால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என்பது எனக்குத் தெரியும். சம்பளம் வரும், போகும். மற்றப் படகுகள் வெறுமனே வந்த நாட்களிலும் என் கணவர் பாரையோ கலவாயோ ஏதாவது நல்ல மீன் கொண்டுவந்தார். வலை போடமாட்டார். கைத்தூண்டில்தான். வேண்டிய அளவு பட்டதும் எழும்பி வந்துவிடுவார். பேராசைப்பட்டால் நாலு பேர் கண்ணில் படுமே என்ற பயம்.

கடலைத் திட்டமிடப் போகிறார்கள் என்ற பேச்சு சில வருடங்களுக்கு முன் மீனவர் சங்கத்துக்கு வந்தது. வங்காள விரிகுடாவைச் சுற்றியிருக்கிற நாடுகள் சேர்ந்து உட்கார்ந்து, எந்த இடத்தில் மீன் பிடிப்பது, எந்த வழியால் கப்பல் போவது, எந்த இடத்தை மீன் பெருகுவதற்கு விட்டுவைப்பது என்று ஒரே வரைபடமாகப் போடப் போகிறார்களாம். மீனுக்கு நாட்டு எல்லை தெரியாதாம். ஒரு நாட்டில் குஞ்சு பொரித்து இன்னொரு நாட்டில் பிடிபடுமாம். அதனால் ஒரு நாடு மட்டும் கட்டுப்பாடு வைத்துப் பலன் இல்லையாம். கடற்றொழில் பரிசோதகர் இதைச் சொன்னபோது சங்கத்தில் முதலில் எழுந்த கேள்வி, பெரிய இழுவைப் படகுகளை நிறுத்துவார்களா என்பது. வெளியிலிருந்து வருகிற அந்தப் படகுகள் அடியைச் சுரண்டிக்கொண்டு போகின்றன. எங்கள் ஆட்களின் வலைகளையும் அறுத்துக்கொண்டு போகின்றன. எல்லாம் பேசப்படும் என்றார் பரிசோதகர்.

என் கணவர் அன்று வீட்டுக்கு வந்து, “நாடுகள் சேந்து கதைச்சா நடக்கும் புள்ள. நாம தனியக் கத்தி என்ன செய்ற” என்றார். நானும் நம்பினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பல நாட்டுக்காரர் ஒரே மேசையில் உட்கார்ந்து கடலைப் பற்றி யோசிக்கிறார்கள் என்றால், அதில் ஒரு ஓரமாக எங்கள் கரைக்கும் இடம் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன்.

முதல் கூட்டம் பொத்துவில் பக்கம் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. பெண்களும் இருக்க வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். ஆகவே சங்கத்துக்காரர் தங்கள் மனைவிமாரையும் வேனில் ஏற்றினார்கள். எங்களுக்குத் தனி மேசை, தனிப் பிஸ்கட் தட்டு. கடலைப் பற்றி எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆண்களின் மேசையில் ஒரு பெரிய வரைபடம் விரித்திருந்தார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, பாலமுனை, பொத்துவில் என்று கரை முழுவதிலிருந்தும் ஆட்கள் அதைச் சுற்றி நின்றார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பச்சைப் பொட்டுகள் கொடுத்தார்கள். நீங்கள் மீன் பிடிக்கிற இடங்களில் இதை ஒட்டுங்கள், அந்த இடங்களை உங்களுக்கே விட்டுவிடுவோம் என்று மொழிபெயர்ப்பாளர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

ஒருவரும் முதலில் கை நீட்டவில்லை. ஒருவர் கையை மற்றவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒருவர் போய் ஒரு பொட்டை ஒட்டினார். அடுத்தவர் அதற்குப் பக்கத்தில் ஒட்டினார். என் கணவரும் ஒட்டினார், காக்காவும் ஒட்டினார். கொஞ்ச நேரத்தில் எல்லாப் பொட்டும் ஒரே இடத்தில் வந்து குவிந்துவிட்டன. எல்லோரும் தலையாட்டிக்கொண்டு கையொப்பம் வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை ஊர்க்காரர் சண்டை சச்சரவு இல்லாமல் ஒரே கடலைப் பகிர்ந்துகொள்வதைத் தான் எங்குமே கண்டதில்லை என்றார். மண்டபம் கைதட்டியது. நானும் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பெருமையோடு கைதட்டினேன்.

வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் என் கணவர் சிரிக்கத் தொடங்கினார். நின்று நின்று சிரித்தார். என்ன என்று கேட்டேன்.

“அவடத்த வெறும் மணல் புள்ள. சொறிமுட்டையைத் தவிர ஒண்டும் இல்ல” என்றார். சொறிமுட்டை என்றால் தொட்டால் தோல் தடிக்கிற ஜெல்லிமீன்.

“அப்ப எல்லாரும் ஏன் அங்க ஒட்டின?”

“பின்ன? தன்ட கல்ல எவன் காட்டுவான்? முதல்ல போனவன் மணலைக் காட்டினான். எங்களுக்கும் அது லேசாப் போயிற்று.”

எனக்குக் கோபம் வந்தது. “இது ஒங்கட மச்சானுக்குச் சொல்ற கதையா? அவங்க கடலைப் பிரிக்க வந்திரிக்காங்க. நீங்க சொன்ன இடத்தைத்தான் ஒங்களுக்குத் தருவாங்க.”

“ஒங்கட காக்கா என்ட தோளோட தோள் நிண்டான். பாலமுனையான், மருதமுனையான் எல்லாம் நிண்டான். படத்தில பொட்டு வச்சா நாளைக்கு எல்லாப் படகும் என்ட கல்லுலதான் நிக்கும். வெள்ளக்காரி வந்து அவங்கள வெலக்குவாளா?”

அவர் சொன்னதும் சரிதான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்று பின்னாளில் பல தடவை யோசித்தேன். எதிரிகளை எல்லாம் ஒரே மேசையைச் சுற்றி நிறுத்திவிட்டு, உங்கள் இரகசியத்தைக் காட்டுங்கள் என்று கேட்பது என்ன கேள்வி? ஆனால் அப்படிக் கேட்பதுதான் வெளிப்படையான முறை என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள்மீது குறை சொல்ல முடியவில்லை. எங்கள் ஆட்கள்மீதும் சொல்ல முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

வரைபடம் திரும்பி வர நெடுநாள் ஆனது. இடையில் பல நாடுகளில் பல கூட்டங்கள் நடந்ததாகப் பரிசோதகர் சொன்னார். நாங்கள் மறந்தே போனோம். ஒரு நாள் சங்கக் கட்டடத்தின் சுவரில் புதிய வரைபடத்தைத் தொங்கவிட்டார்கள். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு உட்காராமல் கட்டிலில் போய்ப் படுத்தார். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார். அடுத்த நாளும் கடலுக்குப் போகவில்லை. பயந்துபோய், என்ன நடந்தது, யாரோடும் சண்டையா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பின்னேரம் ஃபோனை எடுத்து, தான் பிடித்திருந்த வரைபடப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நீலத்துக்கு நடுவில் ஒரு சிவப்புக் கட்டம் இருந்தது.

“இதுக்குள்ளதான்” என்றார்.

என்ன இதற்குள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது, கல். இத்தனை வருடமாக அவர் சொல்லாத இடத்தை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். சிவப்புக் கட்டம் மீன் பெருகுவதற்காக மூடப்படும் பகுதி. அதற்குள் யாரும் தூண்டில்கூடப் போட முடியாது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு நானும் கடற்றொழில் அலுவலகத்துக்குப் போனேன். திட்டத்துக்குப் பொறுப்பாக ஒரு இளம் உத்தியோகத்தர் இருந்தார். நல்ல பிள்ளை. கதிரை போட்டு, தேத்தண்ணீர் வரவழைத்து, எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு நாடும் தன் கடலில் ஒரு பகுதியை மீன் பெருக விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நாடுகளுக்கிடையில் வந்த இணக்கம். எங்கள் நாட்டின் பங்குக்கு எதைக் கொடுப்பது என்று தேடியபோது, மீனவர்களைப் பாதிக்காத இடமாக இருக்க வேண்டும் என்பதில் தான் பிடிவாதமாக நின்றதாகச் சொன்னார். பச்சைப் பொட்டு இருந்த இடத்தை ஒருவரையும் தொட விடவில்லையாம். கப்பலில் கருவி கொண்டுவந்து தேடியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் மீன் அப்படிக் குவிந்து கிடந்ததாம். பொட்டு ஒன்றுகூட இல்லாத இடம். யாரும் மீன் பிடிக்காததால்தான் இவ்வளவு மீன் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எல்லா நாடும் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டதாம்.

“ஒங்களுக்காகத்தான் சேர் இவ்வளவு கஷ்டப்பட்டோம்” என்றார் அந்தப் பிள்ளை. பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

என் கணவர் மெதுவாக, “அவடத்த நான் பிடிக்கிறன்” என்றார்.

உத்தியோகத்தர் மேசையிலிருந்த வரைபடத்தை மறுபடி பார்த்தார். பிறகு, இறுதிக் கூட்டம் ஒன்று கல்முனையில் நடக்க இருக்கிறது, அதற்கு மற்ற நாட்டுப் பிரதிநிதிகளும் வருகிறார்கள், ஆட்சேபனை இருந்தால் அங்கே சபையில் சொல்ல வேண்டும் என்றார். சொன்னால் போதாது. வேறு படகுக்காரர் இரண்டு பேராவது எழுந்து, ஓம், இவர் அங்கே மீன் பிடிப்பது எங்களுக்குத் தெரியும் என்று உறுதிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஆளாளுக்கு வந்து ஆளுக்கொரு இடத்தைக் கேட்பார்களாம்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றபோது என் கணவர், “எப்பிடி புள்ள சபையில சொல்ற” என்று கேட்டார். எதற்குத் தயங்குகிறார் என்று எனக்குத் தெரியும். சொல்லுங்கள் என்றேன். மூடினால் ஒரேயடியாகப் போகும். சொன்னால் நாலு பேரோடு பங்கு போடலாம், அவ்வளவுதானே என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். வேறு என்ன வழி இருந்தது?

கூட்டத்துக்கு முந்திய வாரம் முழுவதும் அவர் காக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டால் காக்கா உதவி செய்வான், முதலே போய்ச் சொல்லிவையுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை அவருக்கு. கல்லைச் சொல்வது பிறகு. அத்தனை வருடம் வடக்கால போனேன், தெற்கால போனேன் என்று சொன்னதை எல்லாம் முதலில் விழுங்க வேண்டுமே.

கல்முனை மண்டபத்தில் மேடை மேசையில் சின்னச் சின்னக் கொடிகள் வைத்திருந்தார்கள். கொடிக்குப் பின்னால் ஒவ்வொரு நாட்டுக்காரர். பொத்துவில் கூட்டத்தில் சந்தோஷப்பட்ட அந்தப் பெண்ணும் இருந்தார். சுவர் நிறைய வரைபடம். ஆட்சேபனை உள்ளவர்கள் வரலாம் என்றார்கள். என் கணவர் எழுந்து போனார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பெருநாளுக்குத் தைத்தது. சிவப்புக் கட்டத்துக்குள் விரலை வைத்து, “இவடத்த ஒரு கல் இரிக்கு. என்ட வாப்பா காலத்தில இரிந்து நாங்க பிடிக்கிறம்” என்றார். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் மண்டபத்தில் ஒரு அசைவு ஏற்பட்டது. முன்வரிசைப் படகுக்காரர்கள் ஃபோனை எடுத்தார்கள். பிறகு பின்வரிசையில் இருந்தவர்களும் எடுத்தார்கள். என் கணவரின் விரல் இருந்த இடத்தை ஒவ்வொருவராகப் படம் பிடித்தார்கள். அவர் விரலை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்ற நினைவே அவருக்கு வரவில்லை என்று நினைக்கிறேன்.

இவர் அங்கே மீன் பிடிப்பது யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். ஒருவரும் எழவில்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு சுத்தமாக மறைத்திருந்தார் என் கணவர். கடைசியில் உத்தியோகத்தர் காக்காவைப் பார்த்து, நீங்கள் சொந்தம்தானே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். காக்கா எழுந்தான்.

“மச்சான் என்னட்டச் சொன்னதில்ல. நான் அங்க போனதுமில்ல. இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்” என்றான். கொஞ்சம் நின்று, “ஆனா என்ட மச்சான் பொய் சொல்ற ஆள் இல்ல” என்றும் சொன்னான்.

உத்தியோகத்தர் பெருமூச்சு விட்டார். அவருக்கு மனமில்லை, ஆனால் வேலை அது. பொத்துவிலில் எடுத்த பழைய வரைபடத்தை எடுத்து விரித்தார். பச்சைப் பொட்டுக் குவியலும் அதன் கீழே என் கணவரின் கையொப்பமும் சபைக்கே தெரிந்தன. யாராவது சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு அந்த வெளிநாட்டுப் பெண் பேசினார். மிகவும் மரியாதையாகப் பேசினார். இவர் சொல்வதைத் தான் நம்புவதாகவும், ஆனால் ஒரே ஒரு கைத்தூண்டில்காரர் மட்டும் போகிற இடம் என்றால், அது இன்னும் பழுதாகாமல் இருக்கிறது என்றுதானே அர்த்தம், காப்பாற்ற அதைவிட நல்ல இடம் எது என்றும் கேட்டார். அவர் சொன்னதில் பிழை பிடிக்க என்னால் முடியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். இன்னொரு நாட்டுக்காரர், இந்தக் கட்டத்துக்குப் பதிலாகத்தான் தாங்களும் தங்கள் கடலில் ஒரு கட்டம் கொடுத்ததாகவும், ஒரு கோட்டை நகர்த்தினால் எல்லாக் கோட்டையும் எல்லா நாடும் உட்கார்ந்து மறுபடி பேச வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த மீளாய்வில் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். மீளாய்வு எப்போது என்று நான் பின்வரிசையில் எழுந்து கேட்டேன். அதை நாடுகள் தீர்மானிக்கும் என்று பதில் வந்தது. இழுவைப் படகுகளைப் பற்றி யாரோ கேட்டார்கள். அது வேறு பேச்சுவார்த்தையாம்.

தடை உடனே வரவில்லை. அந்த வருடக் கடல் அமைதிக் காலம் முடிந்து, மாரி கழிந்த பிறகுதான் அமுலுக்கு வரும் என்றார்கள். மீனவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று அதையும் எங்கள் நன்மைக்காகத்தான் சேர்த்திருந்தார்கள்.

மறுநாள் காலை என் கணவர் வழக்கம்போலப் போனார். இந்தத் தடவை வேறு பக்கமாகப் போகவில்லையாம், நேரே போனாராம். மற்ற நாட்களில் வெயில் ஏறின பிறகு வருகிறவர், நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுவதற்கு முன்பே திரும்பிவிட்டார். தூண்டில் நனையவில்லை. எத்தனை படகு என்று கேட்டேன்.

“எண்ணல்ல” என்றார்.

அந்தப் பருவம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. மருதமுனையிலிருந்து வந்தார்கள், பொத்துவிலிலிருந்து வந்தார்கள், பாலமுனையிலிருந்து அவருடைய சொந்தக்காரர்களே வந்தார்கள். தூண்டிலோடு வந்தவர்கள் பிறகு வலையோடு வந்தார்கள். மூடுவதற்கு முதல் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். கல்லைச் சுற்றி வளைத்து வலை விட்டார்கள். மூச்சு எடுக்கும் சிலிண்டரோடு குதித்துப் பொந்துக்குள் இருந்ததையும் குத்தி எடுத்தார்கள். கரையில் அந்த இடத்துக்குப் பாலமுனையான்ட கல் என்று பெயர் வந்துவிட்டது. கடைத்தெருவில் நான் மீன் வாங்கப் போனால், பாலமுனையான்ட கல்லு மீன், நல்ல புது மீன் என்று என்னிடமே கூவி விற்றார்கள்.

என் கணவர் அங்கே போவதை விட்டுவிட்டார். கூட்டத்தோடு முட்டி மோதிப் பிடிக்க அவருக்கு வராது. இப்போது அவர் போவது பச்சைப் பொட்டு ஒட்டின இடத்துக்கு. வரைபடத்தில் எங்கள் எல்லோருக்கும் என்று விட்டிருக்கிற அந்த மணலில், உண்மையாகவே தூண்டில் போடுகிற ஒரே ஆள் அவர்தான். சொறிமுட்டை கையில் பட்டுத் தடித்திருக்கும். தேங்காயெண்ணெய் பூசி விடுவேன். மூத்த மகன் கட்டாருக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்திருக்கிறான். படகை விற்றுவிட்டு அவரும் ஏதாவது கடையில் நிற்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அடுத்த நாளைக்கான தூண்டிலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மாரி தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முதல், காக்கா வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பெரிய கலவாய். தங்கச்சி வீட்டுக்கு நல்ல மீன் பட்டால் கொண்டுவந்து கொடுப்பது அவன் வழக்கம். அதில் ஒரு கள்ளமும் இல்லை.

“மச்சான்ட கல்லுல பட்டது. இனி அங்க ஒண்டும் இல்ல தங்கச்சி, இதோட சரி” என்றான்.

வாங்காமல் இருக்க முடியுமா? கூடப் பிறந்தவன். உள்ளே வந்து தேத்தண்ணீர் குடி என்றேன். என் கணவர் வெளியே வந்து, “வாங்க மச்சான்” என்று கதிரையை இழுத்துப் போட்டார். இரண்டு பேரும் காற்றைப் பற்றியும் எண்ணெய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குசினியில் மீனை வெட்டினேன். வயிற்றைக் கீறியதும் கை நிறையச் சினை வந்து விழுந்தது. இரண்டு பக்கமும் முழுச் சினை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கழுவி, மஞ்சளும் உப்பும் போட்டு வைத்தேன். வீசவும் மனம் வரவில்லை.

ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றினேன். பொரித்த சினையைத் தட்டில் வைத்தேன். அதைப் பார்த்தவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு இருந்தார்.

“காக்காட்டச் சொல்லுங்க, சினை மீனையாவது விடச் சொல்லி. ஒங்கட சொல்லுக்குக் கேப்பான்” என்றேன்.

அவர் சினையை விரலால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

“நான் சொன்னது போதும் புள்ள” என்றார்.